உப்புத்தொட்டி சூப்பர்வைசர்

போடியில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் மகிமா, அதற்கு முன் பதின்மூன்று வருடம் ஒரு ஏலக்காய்க் கடையில் தட்டில் கொட்டிக் காய் பொறுக்கினாள். எது கரும்பச்சை, எது வெளிறல் என்று கண் சொல்வதற்குள் விரல் ஒதுக்கிவிடும். நிறம் போனால் காய் போச்சு. அந்தத் தொழிலில் வேறு வசனம் கிடையாது.

கடையில் இருபது தொட்டி. கடைசித் தொட்டிக்கு மட்டும் உப்புப் பொட்டலம் கரைத்து அவளே கடல் கலக்கினாள். மலையடிவாரத்தில் ஐந்தடி நீளக் கடல். தூத்துக்குடியிலிருந்து வந்த ஆறு மீன்களில் இரண்டு செத்துப்போயின, இரண்டு விற்றுப்போயின, இரண்டு மிச்சம். வெள்ளி உடம்பு, முதுகில் மஞ்சள், குறுக்கே ஐந்து கறுப்புக் கோடு. எந்நேரமும் மற்றதை விரட்டிக்கொண்டிருந்த மீனுக்குச் சூப்பர்வைசர் என்று பெயர் வைத்தாள். ஏலக்காய்க் கடை சூப்பர்வைசரும் கோடு போட்ட சட்டைதான் போடுவார்.

கடையின் முன்பாதியில் செல்போன் கவர் விற்கிற கணவன் விஜய்ராஜுக்கு அந்தத் தொட்டி நிற்கும் இடத்தின் மேல் கண்.

"இன்னொண்ணு செத்து மெதக்கட்டும். அங்கன என் கவர் ஸ்டாண்டுதான்."

"மெதந்தா வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டாள். வாய்க்கொழுப்பு.

புதன்கிழமை காலையில் சூப்பர்வைசரிடம் மஞ்சள் இல்லை. உடம்பு நீலமாய்க் கறுத்து, கோடுகள் அதற்குள் முங்கிக் கிடந்தன. தீனியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பாறையை ஒட்டி நின்று துடுப்பை அடித்துக்கொண்டே இருந்தது. மூச்சு வாங்குகிறது என்று நினைத்தாள். மற்றது தூர மூலையில் ஒண்டியிருந்தது. சீக்கைக் கண்டு ஒதுங்கியிருக்கிறது.

"நெறம் போச்சு. இனி தேறாது" என்றாள்.

விஜய்ராஜ் அளவு நாடாவை எடுத்து வந்தான்.

"உசுரு இருக்கயிலயே அளக்குறீகளே, நல்லாருப்பீக!"

வாளியில் மருந்து கலந்துவைத்து வலையை இறக்கினாள். மீன் வலையை மோதித் தள்ளியது. இன்னொரு முறை இறக்கினாள். மணிக்கட்டில் நறுக்கென்று கடித்தது.

விஜய்ராஜ் சிரித்தான். "சாகப்போற மீனு இந்தக் கடி கடிக்குமா?"

அவளுக்கும் அது உறைத்தது. பாறையைக் குனிந்து பார்த்தாள். பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்குச் செந்நிறத் திட்டு. பாசி என்று நகத்தைக் கொண்டுபோனாள். இரண்டாம் கடி. கணவனின் போனைப் பிடுங்கி வெளிச்சம் அடித்தாள். திட்டு முழுக்கப் பொடி மணிகள். ஒவ்வொரு மணியிலும் இரண்டு புள்ளி.

"ஆத்தாடி, கண்ணு! அம்புட்டும் முட்டைங்க!"

மூச்சு வாங்கவில்லை, முட்டைக்கு விசிறிக்கொண்டிருக்கிறது. போன வாரம் அது வாயால் பாறையைத் துடைத்துக்கொண்டிருந்ததும் இதற்குத்தான். மற்றது ஒண்டியிருப்பது சீக்குக்குப் பயந்து அல்ல. இட்டுவிட்டு நகர்ந்த தாயை, காவல் நிற்கும் தகப்பன் கிட்டவே விடவில்லை. மருந்து வாளியைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டினாள்.

அன்றைக்கு முழுக்க ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். மீன் திட்டின் மேல் வாயை வைத்து நிதானமாக ஓரிடத்தில் கொத்தியது. தள்ளி இன்னோரிடம். உற்றுப் பார்த்தாள். கெட்டு வெள்ளையாய்ப் போன முட்டைகளை மட்டும் எடுத்து விழுங்குகிறது.

"ஏலே, நீ பொறுக்குறவனா!" என்று கத்தினாள். "ஒன்னையப் போயி சூப்பர்வைசர்னேனே. அந்தாளு என்னிக்குத் தட்டுல கைய வச்சாரு!"

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் திட்டு கலைந்தது. குஞ்சுகள் தூசிபோல எழுந்து தொட்டியெங்கும் பரவின. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருவரும் வாய்மேல் கைவைத்து நின்றார்கள். தண்ணீர் மோட்டார் அவற்றை உறிஞ்சிவிடும் என்று ஓடிப்போய் நிறுத்தியவன் விஜய்ராஜ்தான்.

தூசி தங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து பார்த்தபோது ஒன்றுகூட இல்லை. தகப்பன் முதுகில் மட்டும் மஞ்சள் திரும்பியிருந்தது. நிறம் போய்த் திரும்பி வந்த காயை மகிமா பார்த்ததே இல்லை.

விஜய்ராஜ் நாடாவை மறக்கவில்லை. "அம்புட்டுக் குஞ்சும் செத்துருக்குல்ல? அப்ப ஸ்டாண்டு?"

"மெதந்தாத்தானே? எத்தன மெதக்குதுன்னு எண்ணிச் சொல்லுங்க. இப்பவே எடத்தக் காலி பண்றேன்."

அவன் போன் வெளிச்சத்தை அடித்துக் குனிந்தான். ரொம்ப நேரம் நிமிரவில்லை.

"ஏய் மகிமா, இவன் எதுக்கு மறுபடியும் பாறையத் தொடைக்கிறான்?"

மூலையிலிருந்து தாய் மீன் மெல்லப் புறப்பட்டு வந்துகொண்டிருந்தது.