நெவிலின் முதுகு

முலாம்பழத்தைத் தலைகீழாகத் திருப்பி, அதன் அடியில் மூக்கை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொள்கிறார் நெவில் டக்வெல். சூப்பர் மார்க்கெட்டின் பின்வாசல். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகிறது. பழத்தின் ஒரு பக்கம் சப்பையாக இருக்கிறதாம், அதனால் விற்காதாம். "என் மூஞ்சியும்தான் ஒரு பக்கம் சப்பை. அதுக்காக என்னைத் தூக்கிக் குப்பையிலயா போட்டாங்க?" என்றபடி அதை வண்டியில் ஏற்றுகிறார். கடைப் பெண் டீகன் சிரிக்கிறாள். தினமும் இதே பேச்சுதான், பழம் மட்டும் மாறும்.

எங்கள் டாஸ்மேனியா ஆப்பிளுக்குப் பேர்போன தீவு. ஆப்பிள் வாங்க முடியாதவர்களுக்கும் இங்கே பஞ்சமில்லை. கடைகள் கழித்ததை அள்ளி அவர்களிடம் சேர்க்க, குளிர்பெட்டி வைத்த ஒரு வேனை ஓட்டிக்கொண்டு அலைவதுதான் நெவிலின் வேலை. சம்பளம் கிடையாது. ஈஸ்டர் முடிந்த மறுநாள் வேன் முழுக்கச் சிலுவை போட்ட பன் வரும். முந்தின நாள் வரிசையில் நின்று வாங்கியவர்கள் அன்றைக்கு அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். "ஒரே ராத்திரியில பன்னு என்னய்யா பாவம் பண்ணிடுச்சு?" என்று கேட்பார் நெவில். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார்.

கடைக்காரர்களுக்கு அவர் நன்றி சொல்லி நான் கேட்டதில்லை. "அவன் குப்பைய நான் சும்மா அள்ளிட்டுப் போறேன். அவன்தான் எனக்கு டீ வாங்கித் தரணும்" என்பார். டீகன் வாங்கியும் தருகிறாள். அதற்கும் நன்றி கிடையாது, சர்க்கரை போதாது என்ற புகார்தான்.

வியாழக்கிழமை காலை, தேவாலயத்துக் கூடத்தில் மேசைகளைப் போட்டு எல்லாவற்றையும் பரப்புவோம். ரொட்டி, முட்டை, கோணல் கேரட், உறைந்த கோழி. கதவைத் திறந்ததும் நெவில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். உதவிக்குப் போகும் நாங்கள் நாலைந்து பேரும் திரும்ப வேண்டும். கையில் ஆளுக்கு ஒரு அட்டைப்பெட்டி, மடிப்பதற்கு. வருகிறவர்கள் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். யார் வந்தது, எதை எடுத்தது என்று யாரும் பார்க்கக் கூடாது. "ஒருத்தன் வாய் கேக்கிறத இன்னொருத்தன் கண்ணு பாத்தா, அந்த வாய் மூடிக்கும்" என்பது அவருடைய சட்டம். ஆனால் பேச்சுக்குத் தடையில்லை. சுவரைப் பார்த்தபடியே, "ஏம்மா, உம் பையனுக்கு இருமல் நின்னுச்சா? பூசணிக்காய விட்டுட்டுப் போறியே, அத யாரு தின்பா?" என்று கேட்பார். பூசணிக்காயை விட்டது எப்படித் தெரியும் என்று கேட்டால், பையில் விழுந்த சத்தம் வரவில்லையே என்பார்.

ஒருமுறை நகராட்சியிலிருந்து ஓர் அம்மாள் புகைப்படம் எடுக்க வந்தார். எங்கள் முதுகுகள் மிகத் தெளிவாக விழுந்திருந்தன.

கூடத்துக்கு எதிர்ச் சாரியில் மரத்தடியில் ஒரு வெள்ளைக் கார் வந்து நிற்கத் தொடங்கியது போன இலையுதிர் காலத்தில். கண்ணாடி ஏற்றியே இருக்கும். கூடத்துக் கதவு திறக்கும் நேரத்துக்கு வரும், மூடும் நேரம் வரை நின்றுவிட்டுப் போய்விடும். உள்ளே இருந்தவர் ரஸ்ஸல் பிண்டர், நெவில் முப்பது வருஷம் பஸ் ஓட்டிய டிப்போவின் மேனேஜர். ஆட்களை வீட்டுக்கு அனுப்பும் வேலையை அவரிடம்தான் கொடுத்தார்கள். எல்லோரையும் அனுப்பி முடித்தபின் அவரையும் அனுப்பினார்கள். மனைவி படுத்த படுக்கை. வாடகை வீடு, அந்த வாடகையும் ஏறிக்கொண்டே போகிறது. பட்டினி என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. கோட்டு அவர் மேல் தொங்கிய தினுசே சொல்லிவிட்டது. இறங்கி வர மட்டும் அவருக்கு மனசு வரவில்லை.

"அந்த ஆளுதான்யா எனக்கு வேலை இல்லைன்னு சொன்னது. அதுவும் போன்ல. அப்ப நான் குளிச்சிக்கிட்டு இருந்தேன்" என்றார் நெவில். கோபம் போய்விட்டதா என்று கேட்டேன். "எதுக்குப் போகணும்? நல்லாத்தான் இருக்கு, அது பாட்டுக்கு இருக்கட்டும். அதுக்காக அவன் பொண்டாட்டி கஞ்சியில்லாம கிடக்கணுமா?" வாரா வாரம் மூடும் நேரத்தில் சாவியைக் காணோம் என்று தேடுவார். சாவி கால்சட்டைப் பையில்தான் இருக்கும். அந்தக் கார் கிளம்பிய பிறகுதான் கிடைக்கும்.

எங்களுக்குக் குளிர்காலமான ஜூலையில், கை விறைக்கிற ஒரு வியாழக்கிழமை, கூட்டமெல்லாம் போன பிறகு கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு கூடத்து வாசலில் ஒரு தொண்டைச் செருமல்.

"டாய்லெட் எங்க இருக்கு?"

நெவில் திரும்பவில்லை. "வலது பக்கம் கடைசி. தாழ்ப்பாள் கிடையாது, பாடிக்கிட்டே இரு."

பாட்டு வரவில்லை. தண்ணீர் சத்தம் மட்டும் வந்தது. திரும்பி வந்தவர் மேசை அருகே நின்றுவிட்டார். சட்டத்தை மீறி நான் ஜன்னல் கண்ணாடியில் பார்த்தேன். முட்டை அட்டையைத் தூக்கினார், வைத்தார். கோழியைத் தொட்டார். கையில் பையில்லை. பையோடு இறங்கினால் எதற்கு வந்தார் என்று தெரிந்துவிடுமே.

"பெட்டி இருக்கு, தரட்டுமா?" என்றேன் சுவரிடம். என் வாயை அடைக்க வேண்டும். அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தால் எங்கிருந்து வருகிறார் என்று ஊருக்கே தெரியும்.

"வேணாம், வேணாம். சும்மா பாத்தேன்." காலடி வாசல் பக்கம் நகர்ந்தது. போச்சு, இனி இந்த மனுஷன் வரவே மாட்டார் என்றுதான் நினைத்தேன்.

"யோவ் ரஸ்ஸல், நில்லு."

நெவில் திரும்பியிருந்தார். அந்தக் கூடத்தில், கதவு திறந்திருக்கும்போது அவர் முகத்தை நான் பார்த்தது அதுதான் முதல்முறை. போட்டிருந்த பச்சை ஸ்வெட்டரைத் தலைவழியாக உருவினார். மார்பில் பஸ் கம்பெனியின் பெயர் தைத்த ஸ்வெட்டர். வேலை போனால் மேனேஜரிடம் ஒப்படைக்க வேண்டியது. அதன் கைகளைக் கழுத்தோடு சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டார். கோழி, முட்டை, ரொட்டி, ஒரு பூசணிக்கீற்று எல்லாவற்றையும் உள்ளே வைத்து, கீழ் விளிம்பைச் சுருட்டி மூடினார். பார்க்கிறவர்களுக்கு அது சலவைக்குப் போகும் துணி மூட்டைதான்.

"அன்னைக்கே உங்கிட்ட ஒப்படைச்சிருக்கணும். விட்டுப்போச்சு. இந்தா, வாங்கிக்க. முட்டை இருக்கு, பாத்துப் புடி."

ரஸ்ஸல் இரண்டு கைகளையும் நீட்டினார். நெவில் வெறும் பனியனோடு போய் வாசல் கதவைத் தோளால் தள்ளித் திறந்து பிடித்துக்கொண்டு, அவர் காரில் ஏறி முடிக்கும்வரை அந்தக் குளிரில் வானத்தைப் பார்த்தபடி நின்றார்.