செத்த தொட்டியின் பழி

தொழிற்சாலையில் அவளை எல்லோரும் நுரைக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். கேலிப் பெயர்தான், ஆனால் அதில் கொஞ்சம் மரியாதையும் இருந்தது. பக்கத்துக் கட்டடத்தில் சீஸ் செய்வார்கள். பாலைத் திரியவைத்துக் கட்டியை எடுத்த பிறகு மிஞ்சும் மஞ்சள் தண்ணீரை முன்பெல்லாம் ஆற்றில் விட்டு மீன்களைக் கொன்றார்கள். இப்போது அது குழாய் வழியாக அவளுடைய தொட்டிக்கு வருகிறது. தொட்டிக்குள் இருப்பவை மரபணு மாற்றிய பாக்டீரியாக்கள். அந்தத் தண்ணீரிலுள்ள சர்க்கரையைத் தின்றுவிட்டு, காயம் ஆற்றும் மருந்தில் சேர்க்கிற ஒரு புரதத்தை உண்டாக்கித் தரும். குப்பையில் கிடந்ததை மருந்தாக்கும் வேலை. அதைச் சொல்லும்போதெல்லாம் அவள் தோள் கொஞ்சம் நிமிரும்.

சூடு, காற்று, நுரை மூன்றையும் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. கண்ணாடித் துளை வழியாக எட்டிப் பார்த்து, நுரை மெல்லிசாகப் படிந்திருந்தால், "பிள்ளைங்க நல்லாச் சாப்பிடுதுங்க" என்பாள்.

அவள் கணவர் ஊரின் சாக்கடை நீரேற்று நிலையத்தில் பம்பு ஓட்டுபவர். வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டு, நேரே குளியலறைக்குப் போவார். பிறகுதான் பேச்சு. இருவரும் சாப்பிட உட்கார்ந்தால் அவர் கேட்பார், "உன் பிள்ளைங்க எப்படி?" அவள் பதிலுக்கு, "உங்க பம்பு எப்படி?" அந்த வீட்டின் காதல் அவ்வளவுதான், அது போதுமானதாக இருந்தது.

ஒரு நாள் தொட்டி செத்தது. ஆக்சிஜன் முள் திடீரென்று ஏறியது. உள்ளே மூச்சுவிட ஆள் இல்லை என்று அதற்கு அர்த்தம். நுரை பொங்கி மேல் குழாயை அடைத்தது. சற்று நேரத்தில் பால்போல் கலங்கியிருந்த திரவம் தெளிந்துவிட்டது. ஆய்வகத்து டாக்டரம்மா பார்த்துவிட்டுச் சொன்னாள்: "வைரஸ். மனுஷங்களை ஒண்ணும் செய்யாது, பாக்டீரியாவை மட்டும் தின்னும். அழுக்குத் தண்ணி, சாக்கடை, எங்கயும் இருக்கும்."

சாக்கடை என்ற அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

வழக்கமாகத் தொட்டியில் இருப்பதை நீராவியில் வேகவைத்துக் கொன்ற பிறகுதான் வெளியே விடுவார்கள். அன்று மேற்பார்வையாளர் கையை உதறினார். "செத்ததை இன்னொரு தடவை சாகடிக்கணுமா? எரிபொருள் என்ன விலை தெரியுமா? திறந்து விடுங்கப்பா." எல்லோரும் சிரித்தார்கள். நுரைக்காரியும் சிரித்தாள்.

மறுநாள் விசாரணை. யார் யார் வீட்டில் என்ன வேலை என்று கேட்டார்கள். ஒளிக்க என்ன இருக்கிறது என்று அவள் உள்ளதைச் சொன்னாள். சாயங்காலம் பார்த்தால் அவளுடைய லாக்கரை உள்ளிருந்து எடுத்து வெளியே, சைக்கிள் நிறுத்துமிடத்தில் வைத்திருந்தார்கள். இனி அவளுக்குப் பாட்டில் கழுவும் வேலை என்றார் மேற்பார்வையாளர்.

"எதுக்கு சார் இது?"

"உன் மேல தப்பில்லம்மா. உன் வீட்டுக்காரர் வேலை அப்படி."

"உங்க வீட்டுல கக்கூஸ் இல்லையா சார்? நீங்க அனுப்புறதைத்தான் அவர் தள்ளி விடுறாரு. அவரா உண்டாக்குறாரு?"

பக்கத்தில் நின்றவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை. வேலை செய்கிறவன் அழுக்கன், அழுக்கை அனுப்புகிறவன் சுத்தமானவன் என்கிற கணக்கு உலகத்தில் எந்த ஆய்வகத்திலும் நிரூபிக்கப்பட்டதில்லை. ஆனாலும் பட்டம் வாங்கியவர்களும் அந்தக் கணக்கை வைத்தே வாழ்கிறார்கள்.

வீட்டில் அவள் எதையும் மறைக்கவில்லை. மறைத்திருக்கலாம் என்று பிறகு தோன்றியது. கணவர் எழுந்து போய் இன்னொரு முறை குளித்தார். அடுத்த வாரம் பாயைச் சுருட்டினார்.

"பம்பு ரூம்ல கட்டில் கிடக்கு. கொஞ்ச நாள் அங்கயே இருக்கேன். உன் வேலை போயிடக் கூடாது."

"பைத்தியமா உங்களுக்கு? அவங்கதான் சொன்னாங்கன்னா நீங்களுமா?"

"டாக்டரம்மாவே சொல்லியிருக்காங்களே, சாக்கடைலதான் இருக்கும்னு."

அவளுக்குச் சுருக்கென்றது. விஞ்ஞானம் சொன்ன உண்மையைப் பிடித்துக்கொண்டுதான் பொய்யும் வீட்டுக்குள் நுழைந்திருந்தது. அவர் பாயோடு படியிறங்கிப் போனார்.

புதிய பாக்டீரியாவைப் போட்டுத் தொட்டியை மறுபடி ஓட்டினார்கள். அதுவும் செத்தது. நுரைக்காரி அப்போது வெளியே பாட்டில் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நிம்மதி வந்தது. பிள்ளைகள் சாகும்போது நிம்மதியா என்று உடனே வெட்கமும் வந்தது.

"இப்ப நான் உள்ளேயே வரலையே சார்?"

"முன்னாடி நீ கொண்டுவந்தது இன்னும் உள்ள இருக்கலாம் இல்லையா?"

உள்ளே இருந்தாலும் அவள், வெளியே இருந்தாலும் அவள். இப்படிப்பட்ட குற்றச்சாட்டை எந்தச் சாட்சியால் உடைப்பது?

"அப்ப சோதிச்சுப் பாருங்க. என் செருப்பு, என் லாக்கர், எல்லாத்தையும். கூடவே உங்க எல்லாரோட செருப்பையும்."

டாக்டரம்மா சோதித்தாள். லாக்கரில் ஒன்றுமில்லை. யார் செருப்பிலும் ஒன்றுமில்லை. ஆனால் தொட்டிக்குக் கீழே ஓடும் வடிகாலிலும், அதன் மூடியிலும், தரையைத் துடைக்கும் துணியிலும் அந்த வைரஸ் கோடிக்கணக்கில் இருந்தது. செத்தவை பாக்டீரியாக்கள்தான். அவற்றைக் கொன்றது உயிரோடுதான் இருந்தது. அதை வேகவைக்காமல் வடிகாலில் திறந்துவிட்டதால், அறை முழுக்கத் தெறித்து இரண்டாவது தொட்டியையும் தின்றுவிட்டது.

"முதல்ல எப்படி வந்துச்சு?" என்று கேட்டார் மேற்பார்வையாளர்.

"அதை யாராலயும் சொல்ல முடியாது. காத்துல வந்திருக்கலாம், தண்ணில வந்திருக்கலாம். ரெண்டாவது நம்ம செஞ்சது." நம்ம என்றாள் டாக்டரம்மா, நீங்கள் என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லில் மேற்பார்வையாளர் தப்பித்தார்.

மாலையில் அவர் நுரைக்காரியைக் கூப்பிட்டார். குரல் இதமாக இருந்தது. "நாளைலேருந்து உள்ள வந்துடும்மா. லாக்கரையும் உள்ள வச்சிடலாம். உன் வீட்டுக்காரர் அங்கயே தங்குறாராமே? அது நல்லது. அப்படியே இருக்கட்டும். முன்னெச்சரிக்கைக்குத்தான்."

"எல்லார் வீட்டுலயும் யாராவது ஒருத்தரை வெளிய அனுப்புறீங்களா சார்?"

"வம்பு பண்ணாத."

"எல்லார் செருப்பையும் தினமும் சோதிங்க, என்னோடதையும் சேர்த்து. இல்லன்னா யாரோடதும் வேணாம். அவர் வீட்டுக்கு வருவாரு."

"அப்ப யோசிச்சுச் சொல்றேன்," என்று அவர் காகிதங்களைப் புரட்ட ஆரம்பித்தார். அந்தப் புரட்டலின் பொருள் அவளுக்குத் தெரியும்.

நேரே நீரேற்று நிலையத்துக்கு நடந்தாள். பம்பின் உறுமலில் அவள் வந்தது கணவருக்குக் கேட்கவில்லை. பணி முடிந்து குழாயடியில் நின்று முழங்கைவரை சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் நகர்ந்தார். அந்த இரண்டடிதான் அவளை அழவைத்தது.

"உங்களால இல்லையாம். சோதிச்சுட்டாங்க."

அவர் சோப்பைக் கீழே வைத்தார். "இந்தத் தடவை இல்ல. அடுத்த தடவை செத்தா?"

அடுத்த முறையும் முதலில் தன் பக்கம்தான் திரும்புவார்கள் என்று அவளுக்கும் தெரியும்.

"வேலை?"

"தெரியல. நாளைக்குப் போனாத்தான் தெரியும்."

அவர் மறுபடி சோப்பை எடுத்தார். கைத்தோல் ஏற்கெனவே வெளிறி, விரலிடுக்கில் வெடித்திருந்தது. அவள் கையை நீட்டிக் குழாயை மூடினாள்.

"ஒரு தடவை கழுவினா போதுங்க. எந்தக் கிருமிக்கும் அது போதும்."

அறைக்குள் போய்ப் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். கொஞ்ச தூரம் வரை அவர் பின்னாலேயே வந்தார், பிறகுதான் பக்கத்தில்.