பன்னிரண்டாவது மாதம்

ஸ்ரீரங்கத்து டீக்கடையில் சீனியைக் கிளாசிலேயே கலக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். நாமெல்லாம் உள்ளங்கையில் சீனியை வைத்துக்கொண்டு ஒரு நக்கு, வெறும் தேத்தண்ணியில் ஒரு மடக்கு என்று குடித்தவர்கள். இங்கே வந்து ஐந்து வருஷமாகியும் கிளாசை வாங்கினால் என் இடது கை தானாக விரிகிறது. கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "சில்லறை சரியாத்தான குடுத்தேன், ஆயா" என்கிறார்.

இந்தப் பொங்கலுக்கு எழுத என்னிடம் சேதி ஒன்றுமில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிற உங்களுக்கும், என்னோடு ஒரே கப்பலில் வந்து கோத்தகிரிப் பக்கம் போனவர்களுக்கும் அதைப் பெருமையாகவே எழுதுகிறேன். மகன் முத்தையா தினமும் பஸ் ஏறி காந்தி மார்க்கெட்டுக்கு மூட்டை தூக்கப் போனான், வந்தான். மருமகள் பார்வதி பூக் கட்டினாள். ஆடியில் முத்தையாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல், அதுவும் தானாகவே விட்டது. சித்திரையில் சமயபுரம் போய்க் கும்பிட்டு வந்தோம். அவ்வளவுதான் வருஷம்.

ஒன்றும் நடக்காத வருஷத்தின் அருமை நமக்குத்தான் தெரியும். இந்தியாவுக்குப் போகிறவர்கள் பட்டியலில் பேர் வந்த நாளிலிருந்து நாம் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் நான் கீரையைத் தவிர எதையும் போட்டதில்லை. கீரையென்றால் ஒரு மாதத்தில் பிடுங்கிவிடலாம். முத்தையாவின் அப்பாவை அந்த மலையிலேயே புதைத்துவிட்டு, ஒரு தகரப்பெட்டியோடு கப்பல் ஏறினேன். இங்கேயும் அதே கதைதான். வாடகைக்கு விடுகிறவர்கள் பதினொரு மாதத்துக்குத்தான் எழுதிக் கொடுப்பார்கள். அது முடிந்ததும் வந்து, "எங்க சொந்தக்காரங்க குடிவராங்க" என்பார்கள். நான்கு வீடு மாறினோம். நான்கிலும் கீரைதான் போட்டேன்.

கொள்ளிடக்கரைப் பக்கத்து இந்த வீடு ஐந்தாவது. புரட்டாசியோடு இதற்கும் பதினொரு மாதம் முடிந்தது. மறுநாள் காலையில் வீட்டுக்கார அம்மா கையில் ஒரு சாக்கோடு சந்தில் வருவதைப் பார்த்தேன். அவர் வாசலுக்கு வருவதற்குள் தகரப்பெட்டியை இறக்கிப் பாத்திரங்களை அடுக்கத் தொடங்கிவிட்டேன்.

"என்னம்மா, எங்கயாவது ஊருக்கா?" என்றார்.

"நீங்க சொல்ல வேணாங்க. நாங்களே காலி பண்ணிடறோம்."

அவர் முகம் வாடிவிட்டது. "கிணத்துத் தண்ணி ஒத்துக்கலையா? நான் ஏதாச்சும் மனசு நோகப் பேசிட்டேனா?"

"சொந்தக்காரங்க வராங்கன்னு சொல்லத்தானே வந்தீங்க?"

"நல்லா இருக்கே. அவங்க வராம இருந்தாலே எனக்குப் போதும்" என்று சாக்கை அவிழ்த்தார். உள்ளே ஒரு பூவன் வாழைக்கன்று. "கொல்லையில வைக்கலாம்னு கொண்டாந்தேன். தார் போட ஒரு வருஷம் ஆகும். நான் தெனமும் வந்து தண்ணி ஊத்த முடியுமா? நீங்கதான் பாத்துக்கணும்."

பார்வதி உள்ளேயிருந்து, "அத்தை, அடுப்பக்கூட அணைச்சிட்டீங்க. அவங்களுக்கு நான் எதுல காப்பி போடறது?" என்றாள்.

நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். முத்தையா வந்து வெட்டட்டும் என்று வீட்டுக்கார அம்மா சொல்லியும் கேட்காமல், குழியை நானே வெட்டினேன். தகரப்பெட்டியில் இப்போது அரிசி கொட்டி வைத்திருக்கிறோம்.

கன்று என் தோள் உயரத்துக்கு வந்துவிட்டது. பொங்கலன்று அதில் முதல் இலை அறுப்பேன். சூரியனுக்குக் கிழக்கே பார்த்துப் படைத்துவிட்டு, முத்தையாவின் அப்பாவுக்குத் தெற்கே பார்த்து ஓர் இலை போட வேண்டும். அவர் அந்த மலை மண்ணுக்குள் இருக்கிறார். அவருடைய இலை இந்த மண்ணில் முளைத்தது.