வாழைக்கு நடுவே பத்துக் கரும்பு

ராஜகுமாருக்கு 'இல்லை' என்று சொல்ல வராது. நாக்கில் கோளாறு ஒன்றுமில்லை. மற்ற எல்லாச் சொல்லும் தாராளமாக வரும். தக்கலை பஸ் ஸ்டாண்டில் யாராவது வழி கேட்டால் போதும், அந்த ஊரின் பெயரையே அவர் அப்போதுதான் கேள்விப்பட்டிருந்தாலும், "நேரே போயி வலது பக்கம் திரும்பணும்" என்பார். அப்படித் திரும்பிப் போனவர்கள் ஒருவர்கூட வந்து குறை சொன்னதில்லை. ஆகவே தாம் சொன்ன வழி சரிதான் என்று நம்பி வந்தார்.

பெண் பார்க்கப் போன இடத்தில் பிந்துவின் அப்பா, "சொந்த வீடு உண்டா?" என்று கேட்டார். "உண்டே!" என்றார் ராஜகுமார். கல்யாணம் முடிந்த பிறகுதான் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். வீட்டைக் கட்டி முடிக்க வளைகுடாவுக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே கிரேன் ஓட்டத் தெரியுமா என்றார்கள். தெரியுமே! முதல் நாள் கிரேன் கொக்கி சூப்பர்வைசரின் காரைத் தூக்கிவிட்டது. இரண்டாம் நாள் தூக்கவில்லை. ராஜகுமாரின் படிப்பெல்லாம் இந்த வகைதான்.

ஊர் திரும்பி ஒரு வேன் வாங்கிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றினார். பள்ளிக்கூடம் சொந்தமாக பஸ் வாங்கியதும் வேன் வீட்டு முன்னால் நின்றுவிட்டது. பிந்து சீட்டுகளின் மேல் மிளகாய் காயப்போட ஆரம்பித்தாள்.

அப்போதுதான் நாகர்கோவிலில் டிராவல்ஸ் நடத்தும் சத்தியநேசன் வேனைப் பார்க்க வந்தார். வெளிநாட்டுப் பயணிகளுக்கென்று அவர் புதிதாக ஒரு சுற்றுலா போட்டிருந்தார். ஏதோ ஒரு தீவுநாட்டின் சுற்றுலா விளம்பரத்தை அப்படியே எடுத்து, ஊர்ப் பெயர்களை மட்டும் மாற்றியிருந்தார். 'வெள்ளையர் காலத்து ஊர்கள், பழைய கரும்புத் தோட்டங்கள், கடற்கரைகள். எல்லாம் ஒரே நாளில்.' அச்சடித்து வந்த பிறகுதான் அவருக்கே சந்தேகம் வந்தது.

"கரும்புத் தோட்டம் நம்ம ஜில்லாவில உண்டா வேய்?"

"உண்டே!"

"அப்ப செரி. முதல் ட்ரிப்பு ஒமக்கு. வாறவங்க நல்லா இருந்துன்னு சொன்னா, வேன் நம்ம கம்பெனிக்கு நிரந்தரம். குறை சொன்னா..." சீட்டில் கிடந்த ஒற்றை மிளகாயை எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்தார்.

அவர் போனதும் பிந்து வெளியே வந்தாள். "பேச்சிப்பாறப் பக்கம் ரப்பர் உண்டு. தோவாளையில பூ உண்டு. சீனி ரேஷன் கடையிலயாக்கும் உண்டு. நீங்க கரும்புத் தோட்டத்த எங்க கண்டிய?"

"எங்கயாவது இருக்கும் ஏட்டி."

"இல்லன்னு ஒரு வார்த்த சொன்னா பல்லு கொட்டிருமா?"

பல் கொட்டாதுதான். ஆனால் வேன் போய்விடும். பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கூட வேனைப்போல உபயோகமில்லாத சாமான் உலகத்தில் வேறில்லை. அதை ஓட்டியவனும் ஏறக்குறைய அந்த நிலைமைதான்.

வழி சொன்னவர் அடுத்த வீட்டு நாராயணபெருமாள். புலியூர்க்குறிச்சிக்குப் பக்கத்தில் வாழை போட்டிருந்தார். "ஏலே மக்கா, பொங்கல் இப்பத்தானே முடிஞ்சுது? வடசேரி சந்தையில விக்காத கரும்பு கெடக்கும். பத்தெண்ணம் வாங்கி எனக்க வாழைக்கு எடையில நட்டு விடு. வெள்ளக்காரனுக்கு என்ன தெரியும்? போட்டோ எடுப்பான், போவான்."

நட்டார்கள். இரண்டு வரிசை, வரிசைக்கு ஐந்து. தூரத்தில் நின்று, கண்ணைக் கொஞ்சம் இடுக்கிப் பார்த்தால் தோட்டம்தான்.

மறுநாள் கன்னியாகுமரி ஓட்டல் வாசலில் ராஜகுமாரின் முதல் கணக்கு தப்பியது. வந்தவர்கள் வெள்ளைக்காரர்கள் அல்லர். ராஜகுமாரின் மதினியைப் போலவே முகமுள்ள ஓர் அம்மாள். பெயர் மிசஸ் சூப்ராயென். சுப்பராயன்தான், கடல் தாண்டியதில் கொஞ்சம் இழுபட்டிருக்கிறது. கூடவே அவருடைய கணவர். வேனில் ஏறியவர் அப்படியே தூங்கிவிட்டார். மொரீஷியஸ்காரர்கள். தமிழில் அம்மாளுக்கு 'முருகா' மட்டும் தெரியும். மற்றதெல்லாம் இங்கிலீஷ். ராஜகுமாரின் வளைகுடா இங்கிலீஷுக்கு அது எட்டியது.

பழைய பழக்கம் விடுமா? புறப்படுமுன் இரண்டு தலையையும் எண்ணிப் பார்த்துக்கொண்டார். கையை வெளியே நீட்டக் கூடாது என்றார். அம்மாள் கையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

வட்டக்கோட்டை, பத்மநாபபுரம் அரண்மனை, உதயகிரிக் கோட்டை. எல்லாம் ஒழுங்காகவே போயிற்று. கோட்டைக்குள்ளே டச்சுக் கேப்டனின் கல்லறையைக் காட்டி, அந்தக் கேப்டனுக்குச் சர்க்கரை என்றால் உயிர் என்றார் ராஜகுமார். இதற்கு ஆதாரம் ராஜகுமார் மட்டுமே. பிற்பகலுக்கு ஓர் அஸ்திவாரம் வேண்டாமா?

"சர்க்கரையா?" என்றார் அம்மாள். "எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் கரும்புதான். அப்பாவுக்குக் கரும்பாலையில் வேலை. அவருடைய தாத்தாவைக் கப்பலேற்றியதே கரும்பு வெட்டத்தான்."

வாழைத்தோட்டம் அங்கிருந்து கூப்பிடு தூரம். ராஜகுமார் அந்தப் பக்கம் திரும்பாமல் வேனை நேரே குளச்சலுக்கு விட்டார்.

குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்ததன் நினைவுத் தூணைச் சுற்றி வந்தார்கள். இன்னொரு முறையும் சுற்றினார்கள். மணலில் உட்கார்ந்து பொரித்த மீன் தின்றார்கள். வள்ளங்கள் கரையேறுவதைப் பார்த்தார்கள். ராஜகுமார் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடல் ஒரு யோசனையும் சொல்லவில்லை. வெயில் சாயத் தொடங்கியபோது அம்மாள் கைப்பையிலிருந்து விளம்பரத் தாளை எடுத்தார்.

"இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது."

போனார்கள்.

நாராயணபெருமாள் வெளுத்த வேட்டியும் தலைப்பாகையுமாக வரப்பில் நின்றார். எஸ்டேட் முதலாளியாம். அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இரண்டு வரிசையையும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து பார்த்தார். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை. திரும்பும்போது வரப்பில் கால் லேசாக வழுக்க, பிடிமானத்துக்கு ஒரு கரும்பைப் பிடித்தார். அது கையோடு வந்துவிட்டது. வேர் இல்லை. அடியில் சந்தைக்காரன் கட்டிய கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

நாராயணபெருமாள் அவசரமாக வானத்தைப் பார்த்தார்.

ராஜகுமாருக்குப் பதில் தயாராகவே இருந்தது. 'இது வேரில்லாத ரகம் மேடம், இந்தப் பக்கம் மட்டும்தான் விளையும்.' தொண்டை வரை வந்தது. ஆனால் அந்த அம்மாள் கோபப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. கரும்பைக் கையில் வைத்துக்கொண்டு ராஜகுமாரின் முகத்தையே பார்த்து நின்றார். ஜன்னலைத் திறந்தால் கரும்பு தெரியும் வீட்டிலிருந்து வந்தவர்.

"இல்ல மேடம்," என்றார் ராஜகுமார்.

சொன்ன பிறகு அவரால் நிறுத்த முடியவில்லை. பேச்சிப்பாறை அணையின் மதகைத் திறந்தது போலாகிவிட்டது. இங்கே கரும்புத் தோட்டம் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. இது சந்தையில் வாங்கியது. இவர் முதலாளி இல்லை, அடுத்த வீட்டுக்காரர். கேப்டனுக்குச் சர்க்கரை பிடிக்குமோ பிடிக்காதோ, தனக்குத் தெரியாது. அரண்மனை ஜன்னல்களைப் பற்றிக் காலையில் சொன்னதிலும் பாதி உண்மை இல்லை.

அம்மாள் வரப்பில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று ராஜகுமார் பதறினார். பிறகுதான் சிரிப்புச் சத்தம் வெளியே வந்தது. வேனுக்குள் கணவர் விழித்துக்கொண்டார்.

"பிறந்ததிலிருந்து கரும்பு பார்த்தாயிற்று," என்றார் அம்மாள் கண்ணைத் துடைத்தபடி. "இத்தனை தூரம் வந்து இன்னும் கரும்பா என்று இருந்தது. வேண்டாம் என்று காலையிலேயே சொல்லியிருக்கலாம். நீங்கள் இவ்வளவு ஆசையாகக் காட்டுகிறீர்களே என்று எனக்கும் சொல்ல வரவில்லை."

பிறகு நாராயணபெருமாளிடம் கையை நீட்டி வெட்டுவது போலக் காட்டினார். அவர் பயந்துகொண்டே வெட்டுக்கத்தியைக் கொடுத்தார். அம்மாள் ஐந்தாறு கரும்பை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, கணுவிலுள்ள முளை கெடாமல் துண்டு துண்டாக நறுக்கினார். நட்டமாக வைத்தால் வராது, படுக்கையாக வைத்து மண்ணை மூட வேண்டும் என்று செய்தே காட்டினார். மிச்சக் கரும்பை எல்லோருமாகக் கடித்தார்கள். கணவருக்குப் பல் தாங்கவில்லை, ஆனாலும் விடவில்லை.

சில நாள் கழித்து சத்தியநேசன் கூப்பிட்டார். அந்த அம்மாள் ஊருக்குப் போய் எழுதியிருந்தாராம். எல்லாம் நன்றாக இருந்தது, அதிலும் கரும்புத் தோட்டம் மறக்க முடியாதது. வேன் நிரந்தரம். பிந்து மிளகாயை மொட்டை மாடிக்குக் கொண்டுபோனாள்.

மாசி கழிந்ததும் இன்னொரு கூட்டம் வருவதாகச் செய்தி. சத்தியநேசன் போனிலேயே கேட்டார்.

"கரும்புத் தோட்டம் உண்டுல்லா?"

ராஜகுமார் அப்போது வாழைத்தோட்டத்தில்தான் நின்றிருந்தார். "உண்டு. முழங்கால் ஒசரம் உண்டு."

"நம்ம தாளில 'பழைய தோட்டம்'னு அடிச்சிருக்கே. பழசா வேய்?"

"இல்ல," என்றார் ராஜகுமார். இந்தத் தடவை நாக்கு தடுக்கவே இல்லை. "புதுசாக்கும். பழசாவதுக்குக் கொஞ்ச நாள் ஆகும்."