நீல கவுன் போட்ட பெண்

கப்பல் மூழ்கும் கதைகளை எழுதிப் பிழைத்தவள் நான். பேருந்து நிலையக் கடைகளில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்களே மாத நாவல்கள், அந்த வகை. துரை வீட்டுப் பெண்ணும் அவளுடைய வேலைக்காரியும் நடுக்கடலில் உடை மாற்றிக்கொள்வார்கள். காதலன் ஆள் தெரியாமல் காதலிப்பான். கடைசியில் புயல் வந்து எல்லோரையும் ஒரேயடியாக முடித்துவைக்கும். இதையெல்லாம் படித்து அழுகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை இருந்ததே கிடையாது. எழுதுகிறவள் மேலும் பெரிதாக இல்லை.

நெல்லித்தோப்பில் எங்கள் தெருவிலேயே ஒரு சொல்தா இருக்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவரை இந்த ஊரில் அப்படித்தான் சொல்வோம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களைச் சேர்த்து அவர் ஒரு சங்கம் நடத்துகிறார். ஜூலை, ஆகஸ்டில் பிரான்சிலிருந்து பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வக்கான்ஸுக்கு வந்து இறங்குவார்கள். வந்த நாளிலிருந்து வெயில், தூசி, வயிற்றுப்போக்கு என்று இந்த ஊரைத் திட்டிக்கொண்டே இருப்பார்கள். அந்த லீவு முடிகிறவரை அவர்களைக் குளிரக் குளிர வைத்திருப்பதுதான் சங்கத்தின் வேலை.

அந்த வருஷம் அவர் என் வீட்டுக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"நம்ம ஆளுங்க சைகோனுக்கும் மர்செய்க்கும் கப்பல்ல போனவங்கம்மா. அதை வச்சி ஒரு நாடகம் எழுதிக் குடு. கொஞ்சம் காதல் இருக்கணும், கொஞ்சம் அழுகை இருக்கணும்."

அவருடைய அப்பா கப்பலின் அடித்தட்டில் வாந்தி எடுத்துக்கொண்டே சைகோன் போய்ச் சேர்ந்தவர். அவரே சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அதைப் போடலாமா என்றேன். முகத்தைச் சுளித்தார். வாந்தி வேண்டாமாம், சரவிளக்கு வேண்டுமாம். சரி, இவர்களுக்கு இது போதும் என்று பழைய நாவல் ஒன்றையே உடைத்து நாடகமாக்கிக் கொடுத்தேன். சைகோனிலிருந்து மர்செய் போகும் கப்பல். பணக்கார மத்மொசேல் ஒருத்தி, கிழட்டு ரப்பர் தோட்டக்காரனைக் கட்டிக்கொள்ளப் பயந்து, தன் வேலைக்காரியோடு உடையை மாற்றிக்கொள்கிறாள். மத்மொசேல் உடையில் வேலைக்காரி கப்பல் விருந்தில் பாடுகிறாள், கதாநாயகன் மயங்குகிறான், கப்பல் மூழ்குகிறது.

மத்மொசேல் வேஷம் என் அக்கா மகளுக்கு. அவளாகக் கேட்டதல்ல, அக்கா கேட்டு வாங்கியது. வேலைக்காரி வேஷத்துக்கு, நன்றாகப் பாடுகிறவள் வேண்டும் என்று தேடி, சேதராப்பட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண்ணை அழைத்து வந்தோம். விவசாயக் குடும்பம். பெண் அங்கே கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஷிஃப்ட் முடிந்து பஸ் பிடித்து ஒத்திகைக்கு வருவாள், வந்த களைப்பில் பாடினால்கூட எங்கள் தெரு நாய்கள் சத்தம் போடாமல் கேட்கும்.

அக்கா அந்த வேஷத்தைக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. பிரான்சிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீடு தரகர் மூலம் வந்திருந்தது. பையன் வரவில்லை, அவன் அம்மா மட்டும் வக்கான்ஸுக்கு வந்திருந்தாள். ஆடி மாதத்தில் முறைப்படி பெண் பார்க்க வரமாட்டார்களாம். பாரீசில் முப்பது வருஷம் இருந்தாலும் ஆடி மட்டும் அவர்களோடு விமானம் ஏறிப் போயிருக்கிறது. ஆனால் லீவு முடிவதற்குள் பெண் எப்படி என்று தெரிய வேண்டும். அதனால் நாடகத்துக்கு வந்து யாரோ போலப் பார்த்துவிட்டுப் போவது, பிடித்திருந்தால் ஆவணி பிறந்ததும் தட்டோடு வருவது என்று ஏற்பாடு. இப்படி மறைவாகப் பார்ப்பதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. பெண் வீட்டார் அந்தப் பக்கமே திரும்பக் கூடாது, பக்கத்தில் உட்காரக் கூடாது, கை காட்டக் கூடாது. பிடிக்காமல் போனால் யாருக்கும் அவமானம் இல்லை பாருங்கள். நீல கவுன், தலையில் தொப்பி, அதுதான் பெண் என்று தரகர் அந்த அம்மாளிடம் போனில் சொல்லியிருந்தார்.

என் அக்கா மகளுக்கு அப்போது இருபத்தெட்டு முடிந்திருந்தது. ரத்தப் பரிசோதனை செய்யும் லேப் ஒன்றில் வேலை. இதற்கு முன் வந்து பார்த்தவர்களெல்லாம் கேசரியைத் தின்றுவிட்டு, "சொல்லி அனுப்பறோம்" என்று போனவர்கள். பிரான்ஸ் மேல் அவளுக்கு ஆசை ஒன்றும் கிடையாது. கவுனுக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தபோது என்னிடம் சொன்னாள்:

"யாராவது ஒருத்தர் என்னைப் பாத்துட்டு, இவதான் வேணும்னு சொல்லணும் சித்தி. எனக்கு அவ்ளோதான்."

இதைவிடச் சின்ன ஆசையை நான் எந்தக் கதாநாயகிக்கும் கொடுத்ததில்லை.

நாடகத்தன்று அந்த அம்மாள் வந்தது இடைவேளைக்குப் பிறகு. அதற்குள் மேடையில் உடை மாறியாகிவிட்டது. என் அக்கா மகள் வேலைக்காரியின் பழம்புடவையில் ஓரமாகத் தட்டு ஏந்தி நிற்கிறாள். நீல கவுனும் தொப்பியுமாகச் சேதராப்பட்டுப் பெண் நடுவில் நின்று பாடுகிறாள். அம்மாள் முன் வரிசையில் உட்கார்ந்து, போனைத் தூக்கிப் பிடித்து, பாட்டு முழுவதையும் வீடியோ எடுத்தாள். கதை என்ன, யார் யார் என்று பக்கத்தில் ஒரு ஆளிடம் கேட்டிருந்தால் போதும். அவளுக்கு எதற்குக் கதை? கப்பல் மூழ்குவதற்காக நாலு பேர் நீலப் புடவையைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தபோதே கொசு கடிக்கிறது என்று எழுந்து போய்விட்டாள். நடித்தவர்களைப் பெயர் சொல்லி மேடையில் நிறுத்தியபோது அவள் நாற்காலி காலி. இதெல்லாம் நடந்தபோது அக்காவும் நானும் பின்வரிசையில், ஒழுங்காக, அந்தப் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தோம். பையன் வீட்டுக்காரி தாமதமாக வந்தாள் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது, உடை மாறிய பிறகு வந்தாள் என்பது தெரியாது. பாதி நாடகமாவது பார்த்தாளே என்று அக்கா சந்தோஷப்பட்டாள்.

மறுநாள் காலையிலேயே தரகர் போன்.

"மதாமுக்கு ரொம்பப் பிடிச்சிட்டுது. வீடியோ எடுத்துப் பையனுக்கு அனுப்பிட்டாங்க. இவதான் வேணும்னு அவனும் சொல்லிட்டானாம்."

அக்கா மகள் அந்தக் கடைசி வாக்கியத்தைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். அக்கா திரும்பச் சொன்னாள். அன்று லேபுக்குப் போகும்போது பூ வைத்துக்கொண்டு போனாள். குனிந்தே வாழ்ந்த பெண் அப்படி நிமிர்ந்து நடந்ததை, அவள் தெரு திரும்பும்வரை நின்று பார்த்தேன், பொய் சொல்லவில்லை.

ஆவணி பிறந்து முதல் நல்ல நாளில் வந்தார்கள். அம்மாள், அவளுடைய தம்பி, தரகர். பழத்தட்டு, பூ, பிரான்சிலிருந்து கொண்டுவந்த சாக்லேட் டப்பா. அக்கா மகள் காப்பித் தட்டோடு வந்து நின்றாள். அம்மாள் காப்பியை எடுத்துக்கொண்டாள். அவளைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள். பிறகு உள் அறைக் கதவையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"சரி, பொண்ணை வரச் சொல்லுங்க."

தரகர் அக்கா மகளைக் காட்டி, "இவங்கதான் மதாம் பொண்ணு" என்றார். அம்மாள் கைப்பையைத் திறந்து போனை எடுத்து எங்கள் முகத்துக்கு நேராக நீட்டினாள். நீல கவுனில் சேதராப்பட்டுப் பெண் பாடிக்கொண்டிருந்தாள்.

"அது வேற பொண்ணு மதாம். நாடகத்துல துணி மாத்திக்குவாங்க. அதுதான் கதையே" என்றாள் அக்கா, அழாக்குறையாக.

"அந்தப் பொண்ணு யாரு வீடு?"

நான் சொன்னேன், வேண்டுமென்றே விவரமாக. அப்பா நிலத்தில் உழுகிறார், பெண் கம்பெனிக்குப் போகிறாள், வீட்டில் ஒருத்தரிடமும் பாஸ்போர்ட் என்ற பொருளே கிடையாது என்று. அம்மாளின் உதடு கோணிக்கொண்டது. அப்படியானால் கிளம்பலாமே என்று வாயைத் திறந்தேன். அக்கா என் தொடையில் கிள்ளினாள், கன்றிப்போகிற அளவுக்கு. பெற்றவள் அப்படித்தான் இருப்பாள் என்று சொல்லாதீர்கள். எனக்கு அன்று அவள் மேலும் அருவருப்பாகத்தான் இருந்தது.

அம்மாளும் தம்பியும் பிரெஞ்சில் குசுகுசுத்தார்கள். இந்த ஊரில் வளர்ந்தவளுக்கு அது புரியாது என்று நினைத்திருப்பார்கள். வீடியோவைக் குடும்பத்துக்கெல்லாம் அனுப்பியாகிவிட்டது, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி வரைக்கும் பார்த்துவிட்டாள், இப்போது ஆள் மாறிப்போச்சு என்றால் சிரிப்பார்கள். இதுதான் பிரச்சினை. பெண் எப்படிப்பட்டவள் என்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிறகு அம்மாள் தமிழுக்கு வந்தாள்.

"பரவால்ல. மேடைப் பவுடர்ல யாருக்குத் தெரியப்போவுது? இந்தப் பொண்ணுதான் அதுன்னே இருக்கட்டும். என் பையன்கிட்ட மட்டும் இதைச் சொல்லிக்காதீங்க. ஆசைப்பட்டுட்டான், மனசு ஒடிஞ்சிடுவான்."

சொல்லிவிட்டுப் போண்டாவை எடுத்துச் சட்டினியில் தோய்த்தாள். அக்கா மகள் தட்டைத் தூக்கி அவள் தலையில் கவிழ்ப்பாள் என்று நான் காத்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"சரி" என்றாள்.

அன்று சாயங்காலம் சமையலறையில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். உனக்கென்ன பைத்தியமா என்றேன். பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்:

"பழகிட்டா என்னைப் பிடிக்காமயா போயிடும் சித்தி? அதுக்கப்புறம் அந்த வீடியோவை யாரு பாக்கப்போறாங்க?"

மாப்பிள்ளை வீடியோ காலில் பேச ஆரம்பித்தான். மேடையில் வேறு மாதிரி இருந்தாயே என்று முதல் நாளே கேட்டானாம். மேக்கப் என்றாளாம். அதோடு விட்டுவிட்டானாம். எவ்வளவு சுலபமான ஆள் பாருங்கள்.

தை மாதம் கல்யாணம். சேதராப்பட்டுப் பெண்ணும் வந்திருந்தாள், பாவம், ஒரு குத்துவிளக்கைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு. நாடகத்தில் கூட நடித்த அக்காவுக்குக் கல்யாணம் என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். அவள் மேடை ஏறியதும் சம்பந்தியம்மாள் வீடியோக்காரனைப் பார்த்துக் கையை ஆட்டினாள், கேமரா மடமடவென்று பந்தி பக்கம் திரும்பிவிட்டது. பிரான்சிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பெண் பாடுவாளாமே, ஒரு பாட்டு பாடச் சொல்லுங்கள் என்று பிடித்துக்கொண்டார்கள். "பனியில தொண்டை கட்டியிருக்கு" என்று அம்மாளே முந்திக்கொண்டு சொன்னாள். பாடத் தெரிந்தவள் கீழே பந்தியில் மூன்றாவது வரிசையில் அப்பளம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

விசா வந்து அக்கா மகள் பிரான்ஸ் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த வீட்டில் விருந்தாளிகள். சாப்பாடு முடிந்ததும் அம்மாள் வீடியோவைப் பெரிய டிவியில் போடுவாளாம். பார்த்த உடனே முடிவு பண்ணிவிட்டேன், எனக்குக் கண் தப்பாது என்பாளாம். எல்லோரும் டிவியையும் இவளையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். பாடு என்பார்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்பாள். புருஷன் பக்கத்திலேயே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பான். அவன் மனம் உடைந்துவிடக் கூடாதே என்று, ஊருக்குப் பேசும்போதுகூடக் குளியலறைக்குள் போய்த்தான் பேசுவாள்.

போன வாரம் கூப்பிட்டாள். குழாய்ச் சத்தம் கேட்கவில்லை, கூடத்திலிருந்தே பேசினாள்.

"அவருகிட்ட சொல்லிட்டேன் சித்தி. அந்த வீடியோல இருக்கறது நான் இல்லன்னு."

என்ன சொன்னான் என்றேன்.

"தெரியும்னாரு. மொத வீடியோ கால்லயே தெரிஞ்சிடுச்சாம். அம்மாகிட்ட மட்டும் சொல்லிக்காத, தப்பான பொண்ணைப் பாத்துட்டோம்னு தெரிஞ்சா மனசு ஒடிஞ்சிடுவாங்கன்னாரு."

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். பிள்ளை மனசு உடையக் கூடாது என்று தாய், தாய் மனசு உடையக் கூடாது என்று பிள்ளை, நடுவில் ஒருத்தி தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கு மனசு என்று ஒன்று இருப்பது அந்த வீட்டில் யாருக்காவது தெரியுமா என்று கத்தினேன். அவள் நான் ஓயும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"திட்டாத சித்தி. அவரு தெரியும்னு சொன்னதும் எனக்கு எவ்ளோ சந்தோஷமா இருந்துச்சி தெரியுமா? அப்ப தெரிஞ்சிதான் என்னைக் கட்டிக்கிட்டிருக்காரு, என்னைப் பிடிச்சிதான் கட்டிக்கிட்டிருக்காருன்னு. அதை அவரு வாயால கேக்கணும்னு, அப்புறம் ஏன் வேணாம்னு சொல்லலன்னு கேட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னான்?"

"'அம்மாதான் எல்லாருக்கும் வீடியோ அனுப்பிட்டாங்களே'ன்னாரு."