ஏழாவது ஆள்

போன ஞாயிறு காலை வசிலே நொண்டி நொண்டிக் கடைக்குள் வந்தார்.

ஒரு கை பருப்புப் பைகள் அடுக்கிய தட்டைப் பிடித்திருந்தது, மற்றக் கை தொடையைப் பிடித்திருந்தது. இரண்டு கிழமையாக ஆளைக் காணவில்லை. கல்லாவில் நின்ற குலம் அண்ணை, அவர்தான் கடை முதலாளி, கண்டவுடனே கேட்டார் - வென்றீர்களா என்று.

"எட்டுக்கு சைபர்" என்றார் வசிலே.

"ஆருக்கு எட்டு?"

"அவைக்கு."

சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். எட்டுக் கோல் வாங்கின மனிதர் எதற்காகச் சிரிக்க வேண்டும்? லண்டனில் வளரும் பிள்ளைகளே, இதை நான் உங்களுக்கு முதலிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

நான் வேலை செய்யும் கடை லண்டனில் மிச்சம் என்கிற பகுதியில், ட்ராம் நிற்கும் இடத்துக்குக் கிட்ட. அரிசி, மரக்கறி, மீன், போன் காட் எல்லாம் இருக்கும். போன் காட் உங்களுக்குத் தெரியுந்தானே? அப்பா காசுக் குத்தியால் சுரண்டி, நீளமான நம்பர் ஒன்றை அழுத்தி, பிறகு பெரிய சத்தமாக ஊருக்குக் கதைப்பாரே... அதுதான். எங்கள் சனம் வாங்கும், கானாக்காரர் வாங்குவார்கள், போலந்துக்காரர் வாங்குவார்கள். இப்போது ருமேனியாக்காரரும்.

வசிலே ருமேனியாக்காரர். மோர்டன் பக்கம் வீடுகளுக்கு பிளாஸ்டர் பூசும் வேலை. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கடையில் எல்லோரும் என்னை அண்ணை என்பதைக் கேட்டு அவரும் அண்ணை என்றே கூப்பிடுவார். நீங்கள் அவரை வசிலே மாமா என்று நினைத்துக்கொள்ளுங்கள். அவர் பேசுவது அரைகுறை இங்கிலிஷ். என்னுடையதும் அதே ரகம். இரண்டு அரைகுறை சேர்ந்தால் ஒரு முழுக்கதை வந்துவிடும். அதை என் தமிழில் எழுதுகிறேன்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வருவார். காட் ஒன்று வாங்குவார். பின்பக்கம் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் போய் நின்று போனைக் காதில் வைப்பார். ஆனால் பேச மாட்டார். ஒன்றரை மணி நேரம், சும்மா கேட்டுக்கொண்டே நிற்பார்.

வீட்டில் ஆருக்கும் கடும் வருத்தமோ என்று நினைத்து ஒருநாள் கேட்டேன். போனை என் காதில் வைத்தார். காற்று. ஒரு நாய். தூரத்தில் ஆரோ ஆரையோ ஏசுகிறார்கள். பிறகு 'டப்' என்று ஒரு பந்து.

விஷயம் இதுதான். இங்கே ஒன்பது மணியென்றால் ருமேனியாவில் பதினொரு மணி, அங்கே அப்போதுதான் மேட்ச். அவருடைய கிளப் விளையாடும். அவருடைய தம்பி மைதானத்தின் ஓரத்தில் போனைத் தூக்கிப் பிடிப்பார், தம்பி விளையாடுகிற நாளில் வேறு ஆரும் பிடிப்பார்கள். இவர் மிச்சத்தில் நின்று கேட்பார். வர்ணனை கிடையாது. கோல் விழுந்தால் மட்டும் ஆருக்கு என்று சொல்வார்கள். பெரும்பாலும் மற்றப் பக்கத்துக்குத்தான்.

குலம் அண்ணை என் காதுக்குள் சொல்வார்: "தோக்கிறதைக் காட் வாங்கிக் கேக்கிற மனுசனை இப்பதான் காணுறன்."

ஏன் தன்னுடைய அறையில் இருந்து கேட்கக் கூடாது? அங்கே வேறு ருமேனியாக்காரரும் இருந்தார்கள். கிளப்பின் பெயரைச் சொன்னால், அது இன்னும் சாகவில்லையா என்று சிரிப்பார்களாம். அதனால்தான் அரிசி மூட்டைப் பக்கம்.

கிளப்பின் கதையை ஒவ்வொரு ஞாயிறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அவருடைய ஊர் நிலக்கரிச் சுரங்கத்தால் உண்டான ஊர். கிளப்பைத் தொடங்கியதும் சுரங்கந்தான். அதனால் கிளப்பின் பெயரே சுரங்கத் தொழிலாளி. அந்த நாட்டில் அதுதான் வழக்கமாம். துணி மில் இருந்த ஊரில் கிளப்புக்கு நெசவாளர் என்று பெயர். ரயில் பட்டறை இருந்த ஊரில் ரயில்காரர். விளையாடுகிறவர்களுக்குச் சம்பளம் சுரங்கத்திலிருந்து வரும், ஆனால் சுரங்கத்துக்குள் அவர்களை ஆரும் கண்டதில்லை! ஒரு காலத்தில் இரண்டாம் டிவிஷனில் நின்ற கிளப். மைதானத்தில் இடமில்லாமல் சனம் மரத்தில் ஏறி இருந்து பார்த்ததாம்.

பிறகு? சுரங்கத்தை மூடினார்கள். மில்லை மூடினார்கள். ரயில்காரர் ஊரில் இப்போது ரயில் நிற்பதில்லை. பெயர் மட்டும் சட்டையில் இருக்கிறது. இரண்டாம் டிவிஷன் மூன்றாகி, மூன்று நாலாகி, அதற்கும் கீழே ஒரு லீக்... எந்தப் பேப்பரிலும் ரிசல்ட் வராத லீக்.

நடுவில் ஒருமுறை, பெரிய நகரத்திலிருந்து பணக்காரர் ஒருவர் வந்தாராம். அங்கே கிளப் லீக்கில் நிற்கிற இடத்தையே விற்கலாம், வாங்கலாம். பெயரையும் இடத்தையும் தாருங்கள், என்னுடைய நகரத்துக்குக் கொண்டுபோகிறேன் என்று கேட்டார். ஊர் கூடி, மாட்டோம் என்றது. அன்றைக்குக் கை உயர்த்தினவர்களில் வசிலேயும் ஒருவர். அப்போது அவர் அந்தக் கிளப்பின் இடதுபக்க டிஃபென்டர்.

லண்டனில் தன் கிளப்பைத் தெரிந்தும் சிரிக்காத ஒரு ஆள் இருந்தால் போதும் என்று ஒருமுறை சொன்னார். அன்றிலிருந்து நான் தெரிந்துகொண்டேன். வேறென்ன செய்வது?

அப்படியிருக்க, போன மாதம் ஒரு ஞாயிறு, போனை வைத்துவிட்டு அவர் அரிசி மூட்டையில் குந்திவிட்டார்.

பிள்ளைகளே, கால்பந்துக்குப் பதினொரு பேர் வேண்டும் என்று நினைப்பீர்கள். ஏழு பேர் இருந்தாலே விளையாடலாம். ஆறென்றால் ரெஃபரி விசில் ஊத மாட்டார். இவர்கள் ஏற்கெனவே ஒருமுறை ஆளில்லாமல் மேட்ச்சுக்கு வரவில்லை, பொடியன்மார் ஸ்பெயினுக்கு ஸ்ட்ராபெரி பிடுங்கப் போய்விட்டார்கள். இன்னொரு தரம் நடந்தால் கிளப்பை லீக்கிலிருந்து வெட்டிவிடுவார்களாம். வெட்டினால் கதை முடிந்தது. வருகிற ஞாயிறு நெசவாளரோடு மேட்ச். தம்பி வீடு வீடாகப் போய்ப் பார்த்துவிட்டார். அவரையும் சேர்த்து ஆறு பேர்.

இங்கேதான் நான் வாயைத் திறந்தேன்.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சம்மர் வந்தால் லண்டனில் எந்தப் புல்வெளியைப் பார்த்தாலும் எங்கள் ஊர்களின் பெயரில் கிளப் விளையாடும். எங்கள் ஊர் இப்போது ஆமியின், அதாவது இராணுவத்தின், வேலிக்குள். ஆரும் போக ஏலாது. ஆனால் எங்கள் ஊர்க் கிளப் மிச்சத்தில் இருக்கிறது! செயலாளர் குலம் அண்ணை. விளையாடும் பிள்ளைகளில் ஒருவர்கூட அந்த ஊரைக் கண்டதில்லை. போன வருஷம் கப்பும் எடுத்தார்கள். ஆகவே நல்ல மனதோடுதான் சொன்னேன்.

"யோசியாதையும் வசிலே. கிளப்பை இஞ்ச கொண்டுவாரும். உங்கட ஆக்கள் லண்டனில எத்தினை பேர் நிக்கினம்... ஒரு டீமுக்குக் காணாதோ?"

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

"அந்தப் பணக்காரனும் இதைத்தான் கேட்டவன், அண்ணை."

"எங்கட ஆக்கள் விக்கேல்லை, வசிலே. அங்க இருக்க ஏலாமல்தான் கொண்டந்தவை."

"உங்கட ஊரில இப்ப ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"எங்கட ஊரில ஆறு பேர் இருக்கினம்" என்றார்.



புதன்கிழமை வந்து, பஸ்ஸுக்குப் பாணும் தண்ணீரும் வாங்கிக்கொண்டு போனார். கிளப்பின் ஆட்டக்காரர் பட்டியலில் அவருடைய பதிவை இன்னும் ஆரும் வெட்டவில்லையாம். ஐரோப்பா முழுக்க பஸ்ஸில் இருந்து போக வேண்டும். இப்போது போனால் வேலைக்குத் திரும்பி வர வேண்டாம் என்று போர்மன் சொல்லிவிட்டாராம். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அந்த ஞாயிறு ஒன்பது மணிக்கு அரிசி மூட்டைப் பக்கம் வெறுமையாக இருந்தது. கடை நிறையச் சனம். கொத்தமல்லி இருக்கோ, முருங்கைக்காய் எப்ப வரும், இந்தப் போன் காட்டில் கனடாவுக்குக் கூட நேரம் கிடைக்குமோ... எல்லோருக்கும் பதில் சொன்னேன். ஆனால் மனம் அங்கே இல்லை. இந்நேரம் ஏழு பேர் நிற்கிறார்களா? ஆரிடம் கேட்பது? வீட்டுக்குப் போய் மகளிடம் சொன்னேன். "விச் டீம், அப்பா?" என்று கேட்டாள், காதிலிருந்து இயர்போனைக் கழற்றாமல். பெயரைச் சொன்னேன். அவளுக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் விளங்கியது. அந்தக் கிளப்பைத் தெரிந்தும் சிரிக்காத ஒரே ஆள், இவ்வளவு பெரிய லண்டனில், இப்போது நான்தான். கனமாக இருந்தது. அவர் இதை எத்தனை மாதம் தனியாகத் தூக்கிக்கொண்டு நின்றார்!

சரி, போன ஞாயிறுக்கு வருகிறேன். குலம் அண்ணை இந்தமுறை பகிடி விடவில்லை. கதிரை ஒன்றை இழுத்துப் போட்டார். வசிலே இருந்து சொன்னார்.

ஏழு பேர் நின்றார்கள். ரெஃபரி விசில் ஊதினார். அரை மணி நேரம் ஓடவில்லை, அவருடைய தொடை பிடித்துவிட்டது. மைதானத்தை விட்டு வெளியே வந்தால் ஆறு பேர். ஆறென்றால் மேட்ச் நிற்கும், கிளப் முடியும். ஆகவே அவர் வெளியே வரவில்லை. தன்னுடைய பழைய இடத்தில், இடதுபக்கம், சும்மா நின்றார். ஓட ஏலாது. பந்தை அடிக்க ஏலாது. மற்றவர்கள் அவரைச் சுற்றி ஓடினார்கள். மீதி மேட்ச் முழுக்க அவர் செய்த ஒரே வேலை நிற்பதுதான்.

ஸ்கூலில் உங்களை டீமில் எடுத்துவிட்டு ஒரு மூலையில் நிறுத்தினால் அழுதுகொண்டு வருவீர்களே... மூலையில் நிற்கிற ஆளால்தான் டீம் என்று ஒன்று இருக்கிற நாளும் வரும். அதைச் சொல்லத்தான் இதை எழுதினேன்.

இப்போது அவருக்கு வேலை இல்லை. போர்மன் சொன்னதைச் செய்துவிட்டார். தம்பியும் ஓகஸ்டில் இத்தாலிக்குப் போகப் பார்க்கிறாராம். அடுத்த சீசனில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்டேன். தோளை உயர்த்தினார்.

பிறகு ஒன்று சொன்னார். இரண்டாம் பாதியில் கால் நடுங்கி, இனி ஏலாது, நிலத்தில் குந்திவிடுவோம் என்று நினைத்த நேரம் ஒரு கை வந்து அவரை இடுப்பில் பிடித்ததாம். திரும்பிப் பார்த்தால் நெசவாளரின் கப்டன், ஒரு காலத்தில் அந்த மில்லில் வேலை செய்த ஆள், தாடியெல்லாம் நரைத்துவிட்டது.

"விழுந்திடாதை" என்றாராம். "நீங்கள் இல்லாட்டி நாங்கள் அடுத்த வருஷம் ஆரோட விளையாடுறது?"

சொல்லிவிட்டு அந்த மனிதர் ஓடிப்போய் ஏழாவது கோலை அடித்தாராம்.