தூணுக்குப் பூசிய ஒயில்

நானும் அக்காவும் களப்பில் சிப்பி வளர்த்தோம். எங்கள் பக்கத்துக் கற்களில் சிப்பி அற்றுப்போயிருந்தது. மிச்சமாய்க் கிடந்தவற்றை ஒரு மாதமாய் இடுப்பளவு தண்ணீரில் தடவித் தடவி எடுத்து, கூடையில் போட்டுத் தூண்களில் கட்டினோம். இந்தத் தாய்ச் சிப்பிகள் முட்டையும் விந்துமாய்ப் பால் விட்டால்தான் களப்பில் குஞ்சு பிடிக்கும். இவை போனால் எங்களுக்கு வேறு இல்லை.

அதற்கு முன் தூண் நட்ட வேலை என்னுடையது. அக்கா அப்போது மகளின் பிள்ளைப்பேற்றுக்கு வவுனியாவில் நின்றாள். உப்புத் தண்ணீரில் நிற்கும் மரத்தைப் புழு அரித்துவிடும். அப்பா தன் வள்ளத்துக்கு எஞ்சினில் கழித்த பழைய ஒயிலைப் பூசுவார். வேலிக் கட்டைக்கும் இங்கே அதுதான். நானும் வள்ளத் துறையில் ஒரு கான் ஒயில் வாங்கிவந்து பூசினேன். எனக்கு எதையும் அளவோடு செய்யத் தெரியாது. மூன்று தரம் பூசிவிட்டு, கறுத்து மினுங்கிய தூண்களைப் பார்த்து என்னை நானே மெச்சிக்கொண்டேன். நட்ட பிறகு தண்ணீரில் வானவில் நிறத்தில் படலம் மிதந்தது. வடிவாயிருக்கிறது என்றுகூட நினைத்தேன், விசரி.

அக்கா திரும்பி வந்தபோது தூண்களில் பாசி படிந்து ஒயில் கறுப்பு மறைந்திருந்தது. கூடைகளைக் கட்டியபின் பால் விடுகிற மாதமும் கழிந்தது, குஞ்சு ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. சிப்பி ஆராய்கிற ஒரு மிஸ்ஸை அக்கா கூட்டிவந்தாள். அவர் கோயில் மண்டபத்து மேசையில் நுணுக்குக்காட்டியை வைத்து, முதலில் வேறு களப்புச் சிப்பியின் விந்தைக் காட்டினார். துடித்துக்கொண்டிருந்தது. பிறகு எங்களுடையதைக் காட்டினார். ஒன்றும் அசையவில்லை. முட்டைகள் ஓரம் கிழிந்து நசிந்து கிடந்தன. சிப்பி உயிரோடுதான் இருக்கிறது, இனிக் குஞ்சு தராது என்றார்.

“ஒயில் பட்ட மாதிரி இருக்கு. தூணுக்கு ஏதும் பூசினனீங்களோ?”

நான் வாய் திறக்க முன் அக்கா முந்திக்கொண்டாள்.

“இல்லை மிஸ். தங்கச்சி பாத்துப் பாத்துச் செய்த வேலை. இது கப்பல்காரர் ஊத்திற ஒயில்.”

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அக்கா என் கையைப் பிடித்தாள்.

“அழாதை. போன மாசமே பாதிச் சிப்பியை, கப்பல் ஒயில் வராத வடக்குத் தூணுகளில மாத்திக் கட்டிப்போட்டன். அது தப்பும். எங்களுக்கு அது காணும்.”

வடக்குத் தூண்களையும் அதே கிழமையில் நட்டவள் நான்தான். சொல்லாமல் செத்துவிடலாம் போலிருந்தது.

“அக்கா, அதுக்கும் பூசினனான்.”

“என்னத்தை?”

“பழைய ஒயில்.”

அவள் என் கையை விட்டாள்.

“எத்தினை தரம்?”

“மூண்டு.”